மஞ்சள் சட்டைக்கு முன்னால்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் சரி. மலைப்பாதை சைக்கிள் போட்டிக்குப் போன ஒரு தையல்காரரின் கதையைச் சொல்கிறேன். எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டு போவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

போட்டி தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது அவருக்குக் கால் எட்டவில்லை.

முந்தின நாள்வரை எட்டிய கால்தான். சீட்டு உறுத்துகிறதே என்று அரைக்கால் சட்டைக்குள் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்திருந்தார். நமக்கு நாமே தைக்கிறோம், கஞ்சத்தனம் எதற்கென்று மூன்று மடிப்பு. இப்போது ஏறி உட்கார்ந்தால், பரண்மேல் ஏறிய மாதிரி கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின.

ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டுக்குக் கிளம்பிய மனைவி வாசலில் நின்றாள்.

"மூணு வருஷமா இந்தச் சைக்கிளைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போறேன். இன்னைக்குக் கடைசியா வராம வாங்க, அது இங்கேயே இருக்கட்டும். கடைசியா வந்தீங்க, என் தம்பி வீட்டுக்குப் போயிடும்."

"உன் தம்பி அதுல துணி காயப்போடுவான்."

"போடட்டும். அதுக்காவது உதவுதே!"

அவள் போய்விட்டாள். பகலெல்லாம் மெஷினில் குனிந்தே கிடக்கிறவர் அவர். வாரத்துக்கு ஒருமுறை வானத்தைப் பார்ப்பதே அந்தச் சைக்கிளில் ஏறினால்தான்.

சீட்டை இறக்கினார். திருகிய வேகத்தில் போல்ட்டின் மரை போய், சீட்டு தட்டாமாலை சுற்றியது. அளவெடுக்கும் டேப்பால் வரிந்து கட்டினார். கட்டி முடித்ததும் பிரேக் கீச்சென்று கத்தியது. எது கத்தினாலும் தையல்காரர் கை மெஷின் எண்ணெய் டப்பாவுக்குத்தானே போகும்? நாலு சொட்டு விட்டார். கத்தல் நின்றது. பிரேக்கும் நின்றுவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

இத்தனையும் முடித்துப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம் தாமதம். மைதானத்தில் ஈ காக்கை இல்லை. தொடக்கக் கோடு மட்டும் பளிச்சென்று கிடந்தது. நம்பர் கொடுக்கிற மேசையைக்கூட மடக்கிச் சாத்தியிருந்தார்கள்.

"ஐயோ, எல்லாரும் போயிட்டாங்களே!"

பையிலிருந்த, துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து, தன் மார்பில் தானே நாற்பத்தொன்று என்று ஏதோ ஒரு நம்பரை எழுதிக்கொண்டு மிதித்தார்.

வழிநெடுக மரங்களில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. முதல் ஏற்றத்தில் நாக்குத் தள்ளி நின்று, திரும்பிப் பார்த்தார். கீழே மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள்.

அவருக்கு உயிர் வந்தது. "அப்பாடா! நமக்குப் பின்னாடியும் ஒரு ஜீவன் இருக்கு. இந்தப் பொண்ணை மட்டும் முன்னாடி விட்டுடக் கூடாது."

உற்சாகமாக இறக்கத்தில் விட்டார். வளைவில் பிரேக்கைப் பிடித்தார். எண்ணெய் குடித்த பிரேக், பிடித்தால் என்ன, விட்டால் என்ன? நேராக முள்புதருக்குள் போனார். டயரின் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். உள்ளேயிருந்த டியூப் பட்டென்று வெடித்தது.

மாற்று டியூப் இருந்தது. கிழிசலை என்ன செய்வது? காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, நூலை நாலாக மடித்துக் கோத்தார். அதற்குள் மஞ்சள் சட்டை வந்துவிட்டாள்.

"அண்ணே, அடிபட்டுச்சா?"

"எனக்கில்லம்மா, டயருக்கு." போச்சு, தாண்டப் போகிறாள் என்று நினைத்தார்.

அவள் இறங்கி உட்கார்ந்து, டயரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "தையலை நல்லா நெருக்கிப் போடுங்க. பிரியாதுல்ல?"

"கோட்டுக்குப் போடுற தையல். பிரிஞ்சா கடைக்கே கொண்டு வா. மத்தவங்க எல்லாம் ரொம்ப முன்னாடி போயிட்டாங்களாம்மா?"

"யாரையும் காணோமேண்ணே."

காற்றடித்தவளும் அவளே. தண்ணீர் கொடுத்தாள். "நீங்க முன்னாடி போங்க, எனக்கு அவசரமில்ல" என்றும் சொன்னாள். எதிராளிக்குக் காற்றடித்துக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும்?

அடுத்து ஓடை. நடுவில் வழுக்கி, தண்ணீரில் உட்கார்ந்தார். மூன்று மடிப்பு ஸ்பாஞ்சு ஓடையில் பாதியைக் குடித்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் காலில் இறங்கியது. பிழிந்து வருவதற்குள் சீட்டைக் கட்டிய டேப் அவிழ்ந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நின்று பிரித்தார். அவர் நிற்கும்போதெல்லாம் அவளும் பின்னால் ஏதோ ஒரு மரத்தடியில் நின்றாள்.

கடைசியில் முடிவுக்கோடு தெரிந்தது. இருபது அடிதான். அவர் கால் ஊன்றி நின்றுவிட்டார்.

நான் தாண்டினால் இவள் கடைசி. இவள் வீட்டில் இவளுக்கு என்ன போகுமோ? நம் சைக்கிள் போனால் போகட்டும்.

"முன்னாடி போம்மா."

"எதுக்குண்ணே?"

"நீ கடைசியா வரக் கூடாது. எனக்கு மனசு கேக்கல, போ."

அவள் சிரித்துவிட்டாள். "நான் போட்டியிலயே இல்லண்ணே. ரிப்பன் அவுந்திருந்தா கட்டிக்கிட்டு வர்ற ஆளு."

அவர் முகம் சுண்டியது. அப்படியானால் பின்னால் யாருமே இல்லை. கடைசி ஆள் அவர்தான். ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அது உன் வேலையே இல்லியேம்மா. இருந்தும் அவ்வளவு நேரம் டயரைப் பிடிச்சியே! நல்லா இருப்பே."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கோட்டைத் தாண்டினார். அவள் ஒருத்தி கை தட்டினாள். அவர் கைப்பிடியைத் தடவிக் கொடுத்துவிட்டு, கடைக்குப் போன் போட்டார். எடுத்தது, சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்கிற அக்கா. அவரைவிட மூத்தவர், இருபது வருடமாகக் கடையில் இருப்பவர். இந்தப் போட்டிக்குத் தையல்காரர் பெயரைக் கொடுத்து, தேதியைக் கடை நோட்டில் எழுதி வைத்ததும் அந்த அக்காதான்.

"அக்கா, வர நேரமாகும். கடைசியா வந்துட்டேன். சைக்கிள் போச்சு."

"எதுல கடைசி, தம்பி?"

"போட்டியிலதான்!"

அந்தப் பக்கம் மெஷின் ஓசை நின்றது.

"போட்டி நாளைக்குத்தானே தம்பி! நம்ம நோட்டுல எந்தத் தேதியையும் நான் ஒரு நாள் முன்னாடிதானே எழுதுவேன்? இருபது வருஷமா சொன்ன நாள்ல துணி கொடுக்கறீங்களே, பின்ன அது எப்படின்னு நெனச்சீங்க?"

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போகிறவர்கள் எல்லாரும் முழுசாகத் திரும்பி வரட்டும், கண்ணுகளா. உங்களுக்குத் தெரியாமலே உங்களைத் தாங்குகிறவர்கள் நூறு வயது நன்றாக இருக்கட்டும்.