இன்னும் ஒரு மாசம் பொறுங்க

உலகத்தில் போன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், போன் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேரோடு கணக்கை முடித்துவிடுகிறவர்கள் மூன்றாவதாக ஒரு ரகத்தை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் போன் சொல்கிறவர்கள். வாங்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். நீங்கள் எதை வாங்கியிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வார்கள். அதையும் நீங்கள் வாங்கி முடித்த பிறகுதான் சொல்வார்கள். உங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லையா? ஒரு புதுப் போன் வாங்கி வந்து பாருங்கள். பெட்டியின் மேல் சுற்றியிருக்கிற கண்ணாடித் தாளை நீங்கள் நகத்தால் சுரண்டி முடிப்பதற்குள் வந்துவிடுவார்.

ஆவுடையார்கோவிலில் இந்தப் பொறுப்பு குழந்தைசாமியிடம் இருந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவி, துடைத்து, சாய்வாக அடுக்கி வைத்துவிட்டு பஸ் ஏறுவார். போகிற பஸ்ஸிலும் வருகிற பஸ்ஸிலும், நடுவில் சாப்பாட்டு நேரத்திலும், புதுப் போன்களைப் பிரித்துக் காட்டுகிற வீடியோக்களைப் பார்ப்பார். எந்தப் போனுக்கு முதுகில் எத்தனை கண், எந்தப் போனின் பேட்டரி பொய் சொல்லும், எந்தக் கம்பெனி அடுத்து எதை வெளியிடப்போகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

புதுப் போன் கைக்கு வந்ததும் அவர் திரையைப் பார்ப்பதில்லை. அது கற்றுக்குட்டிகளின் வேலை. முதலில் திருப்பி முதுகைப் பார்ப்பார். உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கி எடை பார்ப்பார். ஓரத்தை விரல் நுனியால் தட்டுவார். பிறகு "ம்" என்பார். அந்த "ம்" இருக்கிறதே, அது எத்தனையோ பேருடைய சந்தோஷத்தை அந்த இடத்திலேயே உட்கார வைத்திருக்கிறது. அடுத்து, எங்கே வாங்கினது என்று விசாரிப்பார். எங்கே வாங்கியிருந்தாலும் அது தப்பான கடை. கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரொம்ப வருத்தத்தோடு, "என்னைய ஒரு வார்த்தை கேட்ருக்கலாம்ல" என்பார்.

ஜெகதாப்பட்டினத்தில் மீன் லாரிகளுக்கு ஐஸ் ஏற்றிவிடுகிற செல்லமுத்து ஒருமுறை ஆசையாக ஒரு போன் வாங்கினார். ஐஸ் உடைக்கிற மிஷின் சத்தத்திலும் மணி அடிப்பது காதில் விழ வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அது விழுந்தது. சந்தோஷமாக இருந்தார். குழந்தைசாமி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாடல் சீக்கிரம் சூடாகும் என்றார். செல்லமுத்து நிதானமாகப் பதில் சொன்னார்.

"நான் நாள் முச்சூடும் ஐசுக்குள்ள நிக்கிற ஆளுங்க. சூடானா நல்லதுதானே."

பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் அன்றையிலிருந்து செல்லமுத்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி, போனின் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டால் தப்பிக்கலாமே என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. கேட்டவர்களை அவர் உட்கார வைத்து, எதற்குப் போன், எத்தனை வருஷத்துக்குப் போன், விளையாட்டு உண்டா, படம் எடுப்பதுண்டா என்று விசாரித்து, ஒவ்வொரு மாடலாக எடுத்து அதன் குறையைச் சொல்லித் தள்ளி வைத்து, கடைசியில் பூமியில் வாங்கத் தகுந்த போன் ஒன்றுமே இல்லாத கட்டத்துக்குக் கூட்டிவந்து, "இன்னும் ஒரு மாசம் பொறுங்க. புதுசு ஒண்ணு வருது" என்பார். ஒரு மாசம் கழித்து வந்தால், அந்தப் புதுசின் குறை அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவருடைய போன்? நல்ல கேள்வி. அது பழைய போன். ஒரு மூலையில் விரிசல். ஆய்வகத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒருமுறை விழுந்து எழுந்ததிலிருந்து திரை முழுக்க லேசாகச் சிவப்பு படர்ந்திருந்தது. அதில் பார்த்தால் வானம் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அவருக்கு அது பழகிவிட்டது. ஏன் மாற்றவில்லை என்றால், அடுத்த மாதம் என்ன வருகிறது என்று இந்தத் தாலுகாவிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தவர் எப்படி வாங்குவார்?

இதில் மாட்டிக்கொண்டவர் அவர் மனைவி உண்ணாமலை.

உண்ணாமலை கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறவர். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் பட்டு நூலைக் கோத்து, மாங்காயும் அன்னமும் வரவைப்பார். மீமிசலிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் தேடி வருவார்கள். அவர் கையில் இருந்தது பட்டன் போன். இப்போதெல்லாம் எந்தப் பெண்ணும் வாயால் டிசைன் சொல்வதில்லை; படமாக அனுப்பிவிடுகிறாள். பட்டன் போனில் படம் எங்கே வரும்? அதனால், எனக்கும் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுங்கள் என்று ஒருநாள் கணவரிடம் கேட்டார். நேராகக் கடைக்குப் போகாமல் வீட்டில் கேட்டதுதான் அவர் செய்த பிழை.

குழந்தைசாமி அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊராருக்குச் சொல்வதில் ஒரு அக்கறை என்றால், மனைவிக்கு என்று வந்தபோது பத்து மடங்கு அக்கறை. ராப்பகலாக அதே நினைப்பு. ஆடித் தள்ளுபடி வரட்டும் என்றார். ஆடி வந்ததும் தீபாவளிக்கு இன்னும் குறையும் என்றார். தீபாவளிக்குப் பொங்கலைக் காட்டினார். பொங்கலன்று, போன வருஷத்து மாடலை இப்போது வாங்குவது முட்டாள்தனம் என்றார். அதுவரைக்கும் படங்கள் தன் போனுக்கே வரட்டும், சாயங்காலம் வந்து காட்டுகிறேன் என்று ஏற்பாடு. உண்ணாமலையும் பொறுத்தார். படம் பார்க்க முடியாத ஆத்திரத்தில் இரண்டு மூன்று பேர் வேறு இடம் தேடிப் போனதையும் பொறுத்தார்.

மாசிக் கடைசியில் மோகனப்ரியா வந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. சின்ன வயதிலிருந்து தெரிந்த பெண். மாப்பிள்ளைக்கு நார்த்தாமலைப் பக்கம். பட்டுப்புடவை மாப்பிள்ளை வீட்டில் எடுத்தது, கைக்கு வர நாளாகும் என்பதால், ரவிக்கைக்கென்று வாங்கிய சந்தன நிறத் துணியைக் கொடுத்துவிட்டு, புடவைக் கரையைப் படமாகக் குழந்தைசாமியின் போனுக்கு அனுப்பினாள். கரையின் நிறத்திலேயே கையில் பூ வேலை வேண்டும் என்றாள். மற்றவர்கள் படத்தில் டிசைனை மட்டும் காட்டிவிட்டு, நிறத்துக்குப் புடவையையே கொண்டுவருவார்கள்.

அன்று சாயங்காலம் கணவர் நீட்டிய போனை உண்ணாமலை தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். இது என்ன நிறம் என்று கேட்டார். கத்தரிப்பூ நிறம் என்றார் குழந்தைசாமி. நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் உண்ணாமலை. அப்போது குழந்தைசாமி கொஞ்சம் பொறுமையாகவே ஒரு விஷயத்தை விளக்கினார். இப்போது வருகிற திரைகள் எல்லாம் நிறத்தைக் கூட்டிக் காட்டும். அந்தக் காலத்துத் திரைதான் உள்ளதை உள்ளபடி காட்டும். கம்பெனிக்காரர்கள் இதை வெளியே சொல்வதில்லை.

உண்ணாமலை கத்தரிப்பூ நிறத்தில் நூல் வாங்கினார். நாள் கணக்கில் குனிந்து வேலை செய்தார். முழங்கை வரைக்கும் கொடி, கொடிக்கு நடுவில் அன்னம், ஓரத்தில் ஜரிகை. முடித்துத் தைத்து மாட்டியபோது அவருக்கே திருப்தியாக இருந்தது.

கல்யாணம் வியாழக்கிழமை. முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் மோகனப்ரியா அம்மாவோடு ரவிக்கையை வாங்க வந்தாள். வந்தவள் அதைக் கையில் எடுத்து, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அத்தே, நான் மயில் நீலம்ல அனுப்புனேன்."

தன் போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். நீலம். குழந்தைசாமி தன் போனை எடுத்தார். கத்தரிப்பூ. இரண்டு போனும் தையல் மிஷின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எல்லாரும் குழந்தைசாமியைப் பார்த்தார்கள். அவர் மோகனப்ரியாவின் போனை எடுத்தார். திருப்பினார். உள்ளங்கையில் ஏற்றி இறக்கினார்.

"இந்த மாடல் கலரக் கூட்டிக் காட்டும்மா" என்றார்.

மோகனப்ரியாவின் அம்மா, அதற்குள் கைக்கு வந்துவிட்டிருந்த புடவையைப் பையிலிருந்து எடுத்துப் பாயில் விரித்தார். மயில் நீலக் கரை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடியது. புடவைக்கு மாடல் கிடையாது, திரை கிடையாது, பேட்டரி கிடையாது. குழந்தைசாமிக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மோகனப்ரியா அழவில்லை. அவள் அம்மாதான், இனி எங்கே போய், யாரிடம் கொடுத்து என்று முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உண்ணாமலை ரவிக்கையை வாங்கி மடியில் விரித்தார். ஜரிகை அப்படியே இருக்கட்டும், ரவிக்கைக் கையைக் கழற்றி, நூல் வேலையை மட்டும் பிரித்துத் திரும்பப் போட்டுவிடுகிறேன், புதன்கிழமை மதியம் வாருங்கள் என்றார். அவர்கள் போனதும், புடவை முந்தியில் கரை ஓரத்திலிருந்து உருவி வைத்த ஒரு நீல இழையைத் தாளில் மடித்துக் கணவர் கையில் கொடுத்தார்.

"அறந்தாங்கிக்குப் போயி இதே கலர்ல நூல் வாங்கிட்டு வாங்க. கடைக்கு வெளிய வெயில்ல வச்சுப் பாருங்க. போன்ல பாக்காதீங்க."

குழந்தைசாமி போனார். நூல்கடைக்காரர் இரண்டு நீலத்தை எடுத்து வைத்தார். இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து, இழையோடு சேர்த்துப் பிடித்து, வெயிலில் நின்றார். ஒன்று சரி மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்தால் அதுவும் சரி மாதிரி இருந்தது. எத்தனையோ பேருக்கு எதை வாங்கக்கூடாது என்று சொன்னவருக்கு, எதை வாங்குவது என்பது இவ்வளவு கஷ்டமான காரியம் என்று அதுவரை தெரியாது. கல்யாணம் வியாழக்கிழமை, பொறுக்க முடியாது. கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குக் கதவை இழுக்கப்போகிற நேரத்தில் இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரு வீடியோவும் பார்க்கவில்லை. உண்ணாமலை பார்த்த பார்வையிலேயே ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதை டப்பாவில் போட்டார்.

மறுநாள் குழந்தைசாமி பள்ளிக்கு லீவு சொன்னார். மனைவிக்கு எதிரில் உட்கார்ந்து பிரிக்கிற வேலையை வாங்கிக்கொண்டார். கண்ணாடிக் குழாய் கழுவிப் பழகிய கை, பதமாகத்தான் வேலை செய்தது. முடிச்சை அறுத்து நுனியைப் பிடித்து இழுத்தால், ஒரு தையல் அடுத்த தையலை விட்டுக்கொடுத்து, சங்கிலி மாதிரி கழன்று வந்தது. அரை நாள் குனிந்து போட்ட கொடி, நாலு மூச்சுக்குள் வெறும் நூலாக மடியில் விழுந்தது. அதை எடுத்து விரலில் சுற்றினார்.

"நான்தான் தப்பாச் சொல்லிப்புட்டேன்" என்றார், துணியைப் பார்த்தபடியே.

"அந்த நுனிய விட்றாதீங்க" என்றார் உண்ணாமலை.

புதன்கிழமை ரவிக்கை போய்ச் சேர்ந்தது. கல்யாணத்தில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு அன்னத்தின் கழுத்தடியில் கத்தரிப்பூ நூல் ஒரு துளி தங்கிவிட்டதை மணமேடைக்குக் கீழே நின்ற குழந்தைசாமி மட்டும் கண்டுபிடித்தார். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் உண்ணாமலை தனியாக அறந்தாங்கிக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த முதல் கடைக்குள் நுழைந்தார். அங்கே நின்ற விற்பனைப் பெண் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் காட்ட ஆரம்பித்ததும், நீ என்ன போன்மா வச்சிருக்கே என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் தன் போனைக் காட்டினாள். அதையே ஒன்று கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார்.

சாயங்காலம் வந்த குழந்தைசாமி தையல் மிஷின் மேல் பெட்டியைப் பார்த்தார். போனை எடுத்தார். திருப்பினார். ஏற்றி இறக்கினார். உண்ணாமலை ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லுங்க" என்றார்.

குழந்தைசாமிக்கு அந்த மாடலில் ஐந்தாறு குறைகள் தெரியும். அவை தொண்டை வரைக்கும் வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போயின.

"நல்லாருக்கு" என்றார். அந்தச் சொல்லுக்கு வாய் பழகாததால் கொஞ்சம் திக்கினார்.

அதற்குப் பிறகு அவர் போன்களைப் பற்றிப் பேசுவது குறைந்துவிட்டது. ஆள் திருந்திவிட்டார் என்றுதான் தெருவில் பேச்சு. சமீபத்தில் உண்ணாமலை, மிஷினை மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது, ஒரு மோட்டார் மாட்டினால் தேவலை என்று நினைத்தார். மாட்டி முடித்து, இரண்டு ரவிக்கையும் தைத்து முடித்த பிறகுதான் கணவரிடம் சொன்னார்.

இவ்வளவுதான் விஷயம். குழந்தைசாமியைப் பார்த்து நீங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உண்ணாமலை வாங்கியது எந்தக் கம்பெனி, என்ன மாடல், என்ன விலை என்று இதில் எங்கேயும் சொல்லவில்லை. சற்று முன்னால் அந்த இடத்தைப் படித்தபோது, அதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார்களே என்று உங்களுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன அரிப்பு எடுத்ததா? எடுத்திருந்தால், வீட்டு அலமாரியில் மேல்தட்டை ஒருமுறை துழாவிப் பாருங்கள். உங்களிடம் சொல்லாமல் வீட்டில் யாரோ வாங்கிய ஏதோ ஒன்று துணிகளுக்கு அடியில் இருக்கும்.