212ஆம் பக்கமும் என் அறையும்

மாடிசன், விஸ்கான்சின்
பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஹெட்லண்ட் அம்மையாருக்கு,

ஆல்டன் ரீஸ்மன் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் முதுகுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பனி சன்னல் வரை ஏறி நிற்கிறது. என் ரத்தக் கொதிப்பு அதற்கும் மேலே நிற்கிறது. காரணம், என் கட்டுரையைச் சரிபார்க்கத் தாங்கள் நியமித்த, பெயர் சொல்லாத அந்த மதிப்பீட்டாளர்.

நான் எழுதியது என்ன? நீள்வட்ட விண்மீன் மண்டலத்துக்கு வயதாகிவிட்டால் அங்கே புதிதாக விண்மீன் பிறப்பதில்லை. இருக்கிற கிழங்கள் தங்கள் மேல்தோலை வாயுவாக உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. உதிர்ந்தது கண்டபடி ஓடி, ஒன்றோடொன்று மோதி, அவ்வப்போது ஏதாவது ஒன்று வெடிக்கிற வெடிப்பில் இன்னும் சூடேறி, கோடி டிகிரியில் மண்டலத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நடுவிலுள்ள கருந்துளை கொல்லன் துருத்திபோல் விடாமல் ஊதுவதால் ஆறவும் மாட்டேன் என்கிறது. எங்கள் துறையில் ஓய்வு பெற்றவர்கள் காப்பிக்குக் கூடும்போது நடப்பதும் இதுதான். வெளியிலிருந்து யாரும் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை.

அந்த மதிப்பீட்டாளரோ, வாயுவில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்து விழுந்தது என்கிறார். 1991 ஹவாய் மாநாட்டுத் தொகுப்பின் 212ஆம் பக்கத்தில் ஒருவர் இதை அன்றே நிறுவிவிட்டாராம், நான் படிக்க வேண்டுமாம். நான் ஏன் படிக்கிறேன்? முளைத்து மூன்று இலை விடாத எவனோ, துறைச் செலவில் ஹவாய் போவதற்காகக் கிறுக்கியதாக இருக்கும்.

இந்த வருடம் ஒரு கட்டுரையாவது அச்சில் வராவிட்டால் ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு விட்டுவைத்திருக்கும் அறையைத் துறைத் தலைவர் கர்ட் பிடுங்கிக்கொள்வார். நேற்று அளவு நாடாவோடு வந்து, "சும்மா சன்னல அளக்கிறேன் சார், உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். நாற்பது வருடம் இருந்த அறை அம்மா. போய்விட்டால் பகல் முழுக்க நான் வீட்டில் கிடக்க வேண்டும். அதற்கு என்னைவிட என் மனைவி லோயிஸ் அதிகம் பயப்படுகிறாள்.

ஆகவே அந்த ஆளை மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள். தங்கள் முதுகு நிமிரட்டும், தங்கள் பத்திரிகை நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
ஆல்டன் ரீஸ்மன்

பி.கு.: உறையில் போடும் முன் லோயிஸ் இதைப் படித்துவிட்டாள். "திட்டுறது இருக்கட்டும், அந்தப் பக்கத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டவள், நிலவறையிலிருந்து தொகுப்பைத் தூசி தட்டிக் கொண்டுவந்து பிரித்து வைத்தாள். எழுதியவன் நான். ஹவாய்க்கு அவளையும் கூட்டிப்போனேனாம். படித்தேன், வாதம் அசைக்க முடியாதது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், கர்ட் அளந்துகொள்ளட்டும். அந்த மதிப்பீட்டாளரை மட்டும் நீக்கிவிடாதீர்கள் அம்மா. இத்தனை வருடத்தில் அதைப் படித்தவர் அவர் ஒருவர்தான்.