நாற்பத்திரண்டு அடி ஆழத்தில் எருமைகள்

பொருள் வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வருபவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; அவர்கள் வீட்டில் பொருள் இருக்கிறது, வேலை முடிந்தது. இன்னொரு வகை, தீர விசாரித்து வாங்குபவர்கள். அவர்கள் வீட்டில் விசாரணை இருக்கும், பொருள் இருக்காது. நாம் பார்க்கப்போவது இவர்களைத்தான்.

இவரை உங்களுக்குத் தெரியும். ஹெல்மெட் வாங்கப் போய், கடைக்காரருக்கு ஹெல்மெட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பாடம் நடத்திவிட்டு, வெறுந்தலையோடு வீடு திரும்புவார். குக்கர் வாங்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் அலுமினியமா, எவர்சில்வரா, மூன்று அடுக்கா, ஐந்து அடுக்கா, மூடி உள்ளே போவதா, வெளியே பூட்டுவதா என்று தொடங்கி, வெளிநாட்டில் எவரோ ஒருவர் குக்கரை ரம்பத்தால் குறுக்கே அறுத்துக் காட்டும் வீடியோவரை பார்த்து முடிப்பார். அதுவரை பருப்பு எதில் வேகும்? வேகாது. அவரிடம் மூன்றே வாக்கியங்கள் உண்டு. "அவசரப்படக் கூடாது." "புது மாடல் வரப்போகுது." "எதுக்கும் இன்னும் ரெண்டு பேரைக் கேட்டுடலாம்." அந்த இரண்டு பேர் இதுவரை இருநூறு பேர் ஆகியிருப்பார்கள்.

தெலுங்குச் சீமையில் குடியேறிய லோத்குண்டா மணிவண்ணன் இந்த வகையில் ஒரு சிகரம். இதை அவருடைய அண்ணன் நடேசன் பெருமையாகவே சொல்வார். நடேசன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு லாலாகூடா ரயில்வே பட்டறையில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் ரயில் பெட்டிகளுக்கு அச்சும் சக்கரமும் பொருத்தியவர். ஒரு போல்ட்டை மூன்று தரம் தட்டிப் பார்க்காமல் பெட்டியை வெளியே விட்டதில்லை. தம்பி படித்துப் பெரிய ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் அதிகாரி ஆனது, அவன் நான்காவது தரமும் தட்டிப் பார்க்கிறவன் என்பதால்தான் என்பது அவருடைய எண்ணம்.

இப்படிப்பட்ட மணிவண்ணன் ஒரு படகை வாங்கினார். எத்தனை நாள் விசாரித்தார் என்று நினைக்கிறீர்கள்? பத்து நிமிஷம். கூட வேலை செய்தவர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, "எடுத்துக்கறீங்களா சார்?" என்றார். இவர் அந்த ஊர் உருதுவில், "ஹவ்" என்றார், அதாவது ஆமாம். பதினான்கு அடி ஃபைபர் படகும், மோட்டாரும், அதை இழுத்துப்போகும் ட்ரெய்லரும் அன்று மாலையே அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டன. இந்த வகை மனிதர்களிடம் இது ஒரு விசேஷம். கல்யாணத்தைப் பத்து நிமிஷத்தில் முடிவு செய்வார்கள்; பந்திக்குப் பாய் வாங்கப் பத்து மாதம் ஆகும்.

பாய் எது என்றால், மீன் பார்க்கும் இயந்திரம். படகின் அடியில் ஒரு சென்சரைப் பொருத்திவிட்டால் அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அடியில் எத்தனை அடி ஆழம், எங்கே பாறை, எங்கே மீன் என்று மேலே திரையில் காட்டும். கூடவே படகு எங்கே போகிறது என்று வரைபடமும் காட்டும். இது இல்லாமல் தண்ணீரில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு காரோட்டுவது மாதிரி என்றார் மணிவண்ணன். நடேசனுக்கு அது நியாயமாகவே பட்டது.

விசாரணை தொடங்கியது. நடேசன் ஒரு நீள நோட்டு வாங்கினார். பட்டறையில் பழகிய கையல்லவா? இரும்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, முப்பத்தொரு கட்டங்கள் வகுத்தார். திரை ஏழு அங்குலமா, ஒன்பது அங்குலமா? வெயிலில் தெரியுமா? நனைந்தால் தாங்குமா? நேர் கீழே மட்டும் பார்க்குமா, பக்கவாட்டிலும் பார்க்குமா? ஞாயிறுதோறும் தம்பி படிக்க, அண்ணன் எழுதினார். ஒரு கட்டம் நிறைந்ததும் புது மாடல் வரும். அண்ணன் அடுத்த பக்கத்தில் மறுபடி கோடு போடுவார். இருவருக்கும் அந்த ஞாயிறுகள் எவ்வளவு ஆனந்தமாக இருந்தன என்று சொல்லி முடியாது. லாலாகூடா டீக்கடையில் நடேசன் தன் பழைய சகாக்களிடம் சொல்லிவைத்திருந்தார்: "எங்க தம்பி படகு இறங்கறப்போ முன்னால உக்காரப்போறது நான்தான்."

படகு இறங்கவில்லை. பதினான்கு மாதம் ஓடியது. மாடி வீட்டுக்காரர்கள் அதன் மேல் துணி காயப்போட்டார்கள். ஒரு சாம்பல் நிறப் பூனை அதற்குள் குடியேறியது.

"பாவகாரு, நீங்களாவது சொல்லுங்க," என்றாள் மணிவண்ணனின் மனைவி பத்மஜா. அவள் தெலுங்கு வீட்டுப் பெண். கணவனின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாள். "இந்தப் படகுல இதுவரைக்கும் ஏறினது பூனை ஒண்ணுதான். ரெண்டு பிரசவம் ஆயிடுச்சு."

"தம்பி எது வாங்கினாலும் உருப்படியா வாங்குவாம்மா."

"வாங்கினாத்தானே!"

நடேசன் நோட்டைப் பார்த்துக்கொண்டார். தம்பி மனைவியிடம் தோற்பது தோல்வியில்லை.

ஆனால் பத்மஜா அதோடு விடவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு நடுவில் நின்று தீர்ப்பு சொன்னாள். "உகாதிக்குள்ள ஒரு மீன் வரணும். ஒரே ஒரு மீன். மார்க்கெட்ல வாங்கினது நக்கோ, வேண்டாம், இந்தப் படகுல போய்ப் பிடிச்சது. இல்லன்னா உகாதி அன்னைக்கு உப்பல்லேருந்து ரஞ்சன் வருவாரு, படகை மாட்டி இழுத்துட்டுப் போவாரு. நான் பேசி முடிச்சாச்சு."

ரஞ்சன், மணிவண்ணனோடு வேலை செய்பவர். படகு வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். இனி நடேசன் டீக்கடையில் எந்த முகத்தோடு உட்காருவது?

அன்று இரவே மணிவண்ணன் ஒன்பது அங்குல இயந்திரத்துக்கு ஆர்டர் போட்டார். பதினான்கு மாத ஆராய்ச்சி பதினான்கு வினாடியில் முடிந்தது.

பெட்டி வந்த ஞாயிறு அந்த வீட்டில் ஒரு திருவிழா. சாப்பாட்டு மேஜையில் இயந்திரத்தை நிறுத்தி வைத்தார்கள். வரைபடத்தில் விசாகப்பட்டினத் துறைமுகத்தின் ஒவ்வொரு பாறையும் தெரிந்தது. அவர்கள் போகப்போகும் அணை இருக்கவேண்டிய இடம் மட்டும் சுத்த வெள்ளையாக இருந்தது. "சமுத்திரத்துக்குப் போறப்போ உதவும்ணா," என்றார் மணிவண்ணன். லோத்குண்டாவிலிருந்து சமுத்திரத்துக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகவேண்டும் என்பதை நடேசன் நோட்டில் எழுதவில்லை. தம்பி மேல் அவ்வளவு மரியாதை.

தண்ணீர் இல்லாத இடத்திலும் மீன் பார்க்கும் வசதி அந்த இயந்திரத்தில் இருந்தது. கடைகளில் ஆட்களை மயக்குவதற்காக, தண்ணீரில் இருப்பது போலவே ஒரு பொய்ப் படத்தைத் திரையில் ஓட்டிக் காட்டும் டெமோ. மணிவண்ணன் அதைப் போட்டார். சாம்பார்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நாற்பத்திரண்டு அடி ஆழத்தில் மீன்கள் நீந்தின. அண்ணனும் தம்பியும் அன்று சாயங்காலம்வரை நகரவில்லை. நடேசன் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு மீனையும் மணி, நிமிஷம், ஆழத்தோடு குறித்துக்கொண்டார்.

உகாதிக்கு முந்தின நாள் விடியற்காலை, இரண்டரை மணி நேரம் காரோட்டிப் போய், அனுமதிச் சீட்டு வாங்கி, அணைத் தண்ணீரில் படகை இறக்கினார்கள். நடேசன் முன்னால் உட்கார்ந்தார். கேசரி நிற மிதவைச் சட்டைக்குள் அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் கூடியிருந்தது. திரை பளிச்சென்று எரிந்தது. வெயில் படாமலிருக்க அதற்கு மேல் ஒரு கறுப்புக் கூரை. நான்கு கூரைகளை ஒப்பிட்டு, திரையை நெற்றிவரை மறைப்பதாகப் பார்த்து மணிவண்ணன் தேர்ந்தெடுத்தது.

"நாப்பத்திரண்டு அடிண்ணா! கீழ பாருங்க, கூட்டம் கூட்டமா!"

தூண்டிலைப் போட்டார்கள். திரை முழுக்க மீன், தூண்டிலில் ஒன்றுமில்லை. இரையை மாற்றினார்கள். இடத்தை மாற்றினார்கள். எங்கே போனாலும் மீன்களும் கூடவே வந்தன. மூன்று மணி நேரம் ஆயிற்று. "எல்லாம் சாப்டுட்டு வந்திருக்கும் போல," என்றார் மணிவண்ணன். நடேசன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். முன் பக்கம், பின் பக்கம், மறுபடி முன் பக்கம். போல்ட் ஒன்று ஆடுகிறது. தட்டிச் சொல்வதா, வேண்டாமா? தம்பி படித்தவன் அல்லவா?

கடைசியில் சொல்லிவிட்டார்.

"மணி, இந்தப் பெரிய மீனை நான் உன் வீட்ல பாத்திருக்கேன்."

"மீனெல்லாம் ஒரே மாதிரிதாண்ணா இருக்கும்."

"முப்பத்தொரு அடில வரும். பின்னாடியே ரெண்டு குட்டி. அப்புறம் பதினோரு நிமிஷம் கழிச்சு மறுபடியும் அதேதான். ஞாயித்துக்கிழமை சாம்பார் பக்கத்துல வந்ததும் இதுதான்டா. குடும்பத்தோட வந்திருக்கு."

"நீங்க மீனைப் பாருங்கண்ணா, நோட்டை மூடுங்க." மணிவண்ணன் படகைக் கரைப்பக்கம் திருப்பினார்.

கொஞ்ச தூரம் போனதும் நடேசன் கையை நீட்டினார். "எதிர்ல எருமைங்க நிக்குது, நிறுத்து."

"நிக்கலண்ணா, நீந்துது. நாப்பத்திரண்டு அடில எருமை எப்படி நிக்கும்?"

"முட்டி தெரியுதேடா!"

இந்த இடத்தில் நீங்களோ நானோ தலையைத் தூக்கி எருமையைப் பார்த்திருப்போம். மணிவண்ணன் குனிந்து திரையைப் பார்த்தார். நாற்பத்திரண்டு அடி. முப்பத்தொரு கட்டத்திலும் தேர்வான இயந்திரம் சொல்கிறது. எருமையைப் பற்றி எங்கேயாவது நல்லபடியாக நாலு வரி எழுதியிருக்கிறார்களா?

படகு சொத்தென்று சேற்றில் ஏறி நின்றது.

கரையில் எருமைகளை மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள், "இக்கட மோகாள்ளோத்தே சார்!" என்று சிரித்தாள். முழங்கால் ஆழம் என்று அவள் சொன்னது எருமையின் முழங்காலை. நடேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் ஒன்றரை அடி. கீழே நின்று நிமிர்ந்து பார்த்தபோதுதான், கறுப்புக் கூரைக்கு அடியில் ஒளிந்திருந்த திரையின் நெற்றி தெரிந்தது.

"மணி, இங்க மேல பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கு பாரு."

மணிவண்ணன் கூரையைக் கழற்றினார். படித்தார். ஓர் எருமை பெருமூச்சு விட்டது.

"டெமோவை அணைக்கவே இல்லண்ணா."

அணைத்தார். இயந்திரம் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை பேசியது: ஒன்றரை அடி. மீன் இல்லை.

சேற்றிலிருந்து படகைத் தள்ளி, மோட்டாரில் சுற்றிய கொடியைப் பிய்த்து எடுப்பதற்குள் அனுமதிச் சீட்டின் நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் உகாதி. வேப்பம்பூ போட்ட பச்சடியை ரஞ்சன் ஒரே மூச்சில் குடித்தார். ஜீப்பைப் பின்னால் எடுத்து, ட்ரெய்லரின் கொக்கியையும் மாட்டிவிட்டார். மணிவண்ணன் தூணோரம் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடேசனுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ரஞ்சனைப் பார்த்தார். ரஞ்சன் கொக்கியை ஒரு தரம் தட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் தட்டினார். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது தரமும் தட்டினார்.

நடேசன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ரஞ்சன் தம்பி, மீன் பாக்கற மெஷின் எது போடப்போறீங்க? ஏழு இன்ச்சா, ஒன்பது இன்ச்சா?"

"அது... ஏழு போதாதா சார்?"

"போதும்னு சிலர் சொல்றாங்க," என்று நடேசன் நோட்டைத் திறந்தார். "சிலர் போதாதுங்கறாங்க."

ரஞ்சன் நோட்டுக்குள் குனிந்தார். சிவப்பு மைத் தலைப்புகள். முப்பத்தொரு கட்டங்கள். பக்கம் புரண்டது. மணிவண்ணன் தூணை விட்டு ஓரடி முன்னால் வந்து, "பக்கவாட்டுப் பார்வையையும் கணக்குல எடுக்கணும்ல?" என்றார். மூன்று தலைகள் ஒன்றாயின. ஒரு மணி நேரம் கழித்து ரஞ்சன் தன் கையாலேயே கொக்கியைக் கழற்றினார்.

"படகை அப்புறம் எடுத்துக்கறேன் மேடம். முதல்ல மெஷினை முடிவு பண்ணிடறேன். அவசரப்படக் கூடாது இல்லையா?"

பத்மஜா நடேசனைப் பார்த்த பார்வையில், தீட்டிய அரிவாள்மணை ஒன்று இருந்தது. அவர் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார்.

ரஞ்சன் இப்போது ஞாயிறுதோறும் உப்பலிலிருந்து வருகிறார். பூனை மூன்றாவது தடவையாகக் கர்ப்பமாயிருக்கிறது. படகு விற்பனைக்குத்தான், வாங்குகிற ஆளும் தயார், இடையில் இருப்பது ஒரு சின்ன முடிவு மட்டுமே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் அந்த வகை இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் சற்று முன்னால் நடேசன் கேட்டபோது, ஏழு அங்குலமா, ஒன்பது அங்குலமா என்று நீங்களும் ஒரு கணம் யோசித்தீர்களே, எதற்கு? உங்களிடம் படகே கிடையாதே!