அசலண்ணாச்சியின் கண்ணாடி

மனிதரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தே பேசிய ஆள், அசலண்ணாச்சியைப் போல, தென்காசியில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விசுவநாதர் சாட்சியாகச் சொல்கிறேன். படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். ஆனால் உயிர் முழுக்கப் பழைய கட்டடங்களின் போட்டோவில்தான். கோயில், மண்டபம், குற்றாலத்துப் பங்களா, எது பதிந்த படமானாலும் தேடி அலைவார். நகல் ஆகாது. "இது அசலா?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பேர் வந்தது.

ஒரு துட்டி வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் செத்தவர் படத்தின் முன்னால் நின்று, "பின்னால தெரியுதது குத்தாலம் சித்திர சபைலா? அருமையா விழுந்திருக்கு" என்றார். கல்யாணப் படத்தைக் காட்டினால், "மாப்பிள்ள தலய கொஞ்சம் சாச்சிருந்தா தூணு முழுசாத் தெரிஞ்சிருக்கும்" என்பார்.

எங்கள் வீட்டுக்கு அவரை இழுத்தது அப்பா படம். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் எங்கள் விசுவநாதர் கோயில் கோபுரம் மேல்நிலைகள் போன மொட்டைதான்; இன்று நிற்பது பிற்பாடு கட்டியது. அது முழுசாக நின்ற காலத்தில், அப்பா இளவட்டமாக அதன் முன் நின்று எடுத்த படம் அது. அப்பாவுக்கு என்று இருந்த படமே அது ஒன்றுதான்.

ஏழு வருஷம் என் பிராணனை வாங்கினார்.

"நகல் எடுத்துத் தாரேன் வே. அசல எனக்குத் தாரும்."

"எங்க அப்பாவுக்கு நகலா? திதிக்கு நகலக் கும்பிடவா?"

"நீரு கும்பிடுதது ஒங்க அப்பாவ. எனக்கு வேண்டியது அவருக்குப் பின்னால."

அப்பா நெற்றிக்கு என் மனைவி வைத்த சந்தனம் கோபுரத்தில் வழிந்தது என்று ஒருநாள் வேட்டி நுனியால் துடைத்தே விட்டார். "இந்த மனுசன் இனி வாசப்படி மிதிச்சா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் அவள்.

ஒரு ஆனி மாதம் சாரல் விடாமல் அடித்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தால், சுவரில் ஆணிதான் இருக்கிறது.

"சுவரு ஒழுகி, படம் கண்ணாடியில ஒட்டிட்டாம். நான் என்னன்னு கேக்கும் முன்ன அந்த மனுசன் கழட்டிட்டுப் போயிட்டாரு" என்றாள் மனைவி.

ஈர வேட்டியோடு அவர் கடைக்கு ஓடினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணாச்சி படத்தை நீட்டினார். அப்பா முகத்தில் ஒரு கீறல் இல்லை. கோபுரத்தின் மேல்நிலைகள் மட்டும் பிய்ந்து, கண்ணாடியோடு போயிருந்தன.

"ஈரம் காயுமுன்ன ஒரு பக்கந்தான் உரிக்க முடியும், ஒண்ணு மொகம், இல்லன்னா கோபுரம்" என்றார், சுவரைப் பார்த்தபடி. "ஒங்க அப்பாவுக்கு வேற படம் கிடையாதுல்லா."

படத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். படத்தை மறுபடி மாட்டியபோது மனைவிதான், "இப்பதான் நம்ம ஊரு கோபுரம் மாதிரி இருக்கு" என்றாள்.

கோபுரம் ஒட்டிய கண்ணாடியை அண்ணாச்சியே வைத்துக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அப்பா திதிக்கு, அழைக்காமலே அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். படத்தின் மேல் பொருத்திப் பிடிப்பார். அப்பாவுக்குப் பின்னால் கோபுரம் முழுசாக எழுந்து நிற்கும்.

"கும்பிட்டாச்சா? கை வலிக்கு வே. எலயப் போடச் சொல்லும்."

அந்தக் கண்ணாடி இப்போது என்னிடம் இருக்கிறது. திதியன்று நானேதான் பிடிக்கிறேன். எவ்வளவு பார்த்துப் பிடித்தாலும், அவர் பிடித்த மாதிரி கோபுரம் நேராக நிற்பதில்லை.