மாத்திரைக்கு மூலப்பத்திரம் கேட்பவர்

ஒரு ரக மனிதர்கள் உண்டு. மாத்திரையைக் கையில் கொடுத்தால் வாயில் போடமாட்டார்கள். இது யாருக்குச் சொந்தம், எதுவரைக்கும் சொந்தம் என்று கேட்பார்கள். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். எங்களுக்கு வாய்த்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன்.

முப்பது வருடம் நிலப் பத்திரம் எழுதியவர். உலகத்தில் எதைக் காட்டினாலும் அவருக்கு அது நாலு பக்கமும் எல்லை உள்ள மனைதான். அப்படிப்பட்டவரின் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்திக்கு, மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. திங்கட்கிழமையே மாத்திரையை ஆரம்பிக்கச் சொன்னார் டாக்டர். வேறு மனிதராக இருந்தால் மருந்துக்கடைக்கு ஓடுவார். இவர் கம்ப்யூட்டரிடம் ஓடினார்.

இரண்டு நாள் கழித்து முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். "நாப்பத்திமூணு நாள் பொறு. காப்புரிமை முடியுது. அப்புறம் ஆளாளுக்குத் தயாரிப்பான், வெல தரைக்கு வந்துடும்."

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார். அந்தச் சட்டையின் பூர்வீகத்தையும் சேர்த்துச் சொல்வார், அவ்வளவுதான். இந்த மருந்தை இருபது வருடத்துக்கு நான் மட்டும்தான் செய்வேன் என்று ஒரு கம்பெனி வாங்கி வைத்த உரிமை, அவர் கண்ணுக்குக் குத்தகையாகத் தெரிந்தது. குத்தகை முடிந்தால் வேலியைப் பிரித்துக்கொண்டு எல்லோரும் உள்ளே போகலாம் அல்லவா? காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டார். கண்டுபிடித்தவன் யார், அவனிடம் வாங்கியவன் யார், வாங்கியவனை விழுங்கியவன் யார் என்று அட்டையில் வம்சாவளி வரைந்து, அக்காவை நலம் விசாரிக்க வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். வந்தவர்கள் நோயாளியைப் பார்க்காமலே போனார்கள்.

அக்கா ஒரே ஒரு முறை கேட்டாள். "கட்டிக்கு அந்தத் தேதி தெரியுமாங்க?"

சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்றார்.

இருந்துவிட்டுப் போகட்டும். திங்கட்கிழமை நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையை வாங்கி வந்தோம். சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தோம். அந்தப் பக்கம் அவர் வந்ததே கிடையாது. அக்காவின் நாலு வளையலும் காணாமல் போனதும் அவருக்குத் தெரியவில்லை. பத்திரம் இல்லாத சொத்து அவர் கண்ணில் படாது.

நாற்பத்து நான்காம் நாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பத்திரப்பதிவுக்குப் போவதுபோல மருந்துக்கடைக்குப் புறப்பட்டார். கடைக்காரர் பொறுமையானவர். முடிந்தது மருந்துச் சரக்குக்கான காப்புரிமை, அதை மாத்திரையாக்கும் முறைக்குத் தனிக் காப்புரிமை இருக்கிறது, அதற்கு இன்னும் ஆறு வருடம், அதுவும் போன மாதம் வேறு கம்பெனிக்குக் கைமாறிவிட்டது என்று விளக்கியிருக்கிறார்.

இடிந்துபோய் வந்திருப்பார் என்கிறீர்களா? குதித்துக்கொண்டு வந்தார். "பாத்தியா, மனை ஒருத்தனுது, வீடு இன்னொருத்தனுது. ஆறே வருஷம்."

அக்கா சர்க்கரை டப்பாவை நகர்த்தினாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, அவர் கண்ணெதிரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். "நீங்க காத்திருங்க. இது ஏழாவது அட்டை. கட்டி சின்னதாயிருக்குன்னு டாக்டர் நேத்துதான் சொன்னாரு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வளையல் இல்லாத கையை அப்போதுதான் பார்த்தார். பிறகு மெல்ல அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எந்தக் கம்பெனி பேர் போட்டிருக்கு?"

நல்லவேளை, நாமெல்லாம் அப்படி இல்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இருபது வருடம் என்றேனே, அது விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தா, கைக்கு வந்த நாளிலிருந்தா என்று நடுவில் ஒரு நொடி யோசித்தீர்களா? யோசித்திருந்தால், போய் உங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.