உன் மிளகாய்ப் பொடி உறைக்கவில்லை

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே யாவரும் நலம். நீயும், உன் மனைவி மக்களும், உன் மிளகாய் மில்லும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். மில்லைப் பற்றி மட்டும் இந்தக் கடிதம் முடிவதற்குள் மனசு மாறலாம்.

எங்கள் தொழிற்சாலை கேன்டீனுக்கு நீ அனுப்பும் பொடியில் காரம் இல்லை. ஒரு வருடமாகப் பொறுத்துப் பார்த்தேன். உன் அக்காவுக்கு நீ உயிரான தம்பியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அறுநூறு பேருக்குச் சமைக்கிறவன் நான். தினமும் பதினொரு மணிக்குக் குழம்பை இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, நான் "இறக்கு" என்று சொன்னால்தான் அண்டா அடுப்பை விட்டு இறங்கும். முப்பத்திரண்டு வருட வழக்கம் அது. முன்பெல்லாம் உன் பொடி ஒரு சிட்டிகை கூடினாலே எனக்குக் காது அடைத்துவிடும். உன் கல்யாணத்தில் தெரியாமல் ஒரு மிளகாயைக் கடித்துவிட்டு நான் குழாயடிக்கு ஓடியதை நீ இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாய். இப்போது அதே பொடியைக் கரண்டி கரண்டியாகக் கொட்டினாலும் நாக்கில் செங்கல் தூள் மாதிரி சும்மா கிடக்கிறது. நாக்கு அதே நாக்கு. அப்படியானால் மாறியது எது? எதைக் கலக்கிறாய்?

உறைக்கவில்லையே என்று போன மாதம் அளவை இரண்டு மடங்காக்கினேன், இந்த மாதம் மூன்று மடங்கு. அதற்கு இவர்கள் செய்கிற கூத்தைக் கேள். வெல்டிங் பிரிவில் ஆறு பேர் சாப்பிட்டுவிட்டு அழுதுகொண்டே வேலைக்குப் போனார்கள். பாதுகாப்பு அதிகாரி ஆளுக்கொரு விபத்துப் படிவம் நிரப்பி, காயம்பட்ட இடம் என்ற கட்டத்தில் 'நாக்கு' என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார். நேற்று மேனேஜர் ஒரு வெளிநாட்டு விருந்தாளியோடு வந்து உட்கார்ந்தார். அந்த மனிதர் ஒரு வாய்தான் வைத்தார், அப்புறம் பேச்சே வரவில்லை, சாடை காட்டியபடியே காரில் ஏறிப் போய்விட்டார். காரமே இல்லாத பொடிக்கு எப்படி அழுகை வரும்? எல்லாம் என் உதவியாள் கண்ணாடிக்காரி சொல்லிக்கொடுத்த நடிப்பு. ஏனென்றால் திங்கட்கிழமை முதல் ருசி பார்ப்பது அவளாம், நான் வெங்காயக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், மேனேஜர் தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். வயிறு எரிகிறது எனக்கு. "இறக்கு" என்று சொல்லிப் பழகிய வாய் இனி வெங்காய மூட்டையிடம் என்னத்தைப் பேசும்?

அந்தக் கண்ணாடிக்காரி என் முகத்துக்கு நேரே சொல்கிறாள், "அண்ணே, பொடியில ஒரு குறையுமில்ல. வயசானா நாக்கு மரத்துப் போகும்ணே. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு."

எனக்கு வயசாகிவிட்டதாம்! உன் அக்காவுக்கும் என் வயசுதான். வீட்டிலும் நான்தான் சமையல், அதே உன் பொடிதான். மூன்று வேளையும் அதைத்தான் சாப்பிடுகிறாள், ஒரு நாளாவது 'உஸ்' என்றிருப்பாளா? தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அவள்தான் என் சாட்சி.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே நேரில் வந்து, தப்பு பொடியில்தான் என்று மேனேஜரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இத்தோடு உனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும்
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் சாட்சிக் கையெழுத்துக்காக உன் அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன். எழுந்து போய் அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தண்ணீர் செக்கச்செவேல் என்று இருந்தது. ஒரு வருடமாக ஒவ்வொரு கவளத்தையும் அதில் அலசித்தான் சாப்பிடுகிறாளாம். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா நீங்க கரண்டியையே கீழ வச்சிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு" என்றாள். உன் பொடியில் குறை இல்லை. நீ வர வேண்டாம். திங்கட்கிழமை நானே குழம்பை எடுத்துக் கண்ணாடிக்காரியின் உள்ளங்கையில் விடப்போகிறேன். அவள் ருசி பார்த்துத் தலையாட்டட்டும். "இறக்கு" என்பதை மட்டும் நான் சொல்லிக்கொள்ளட்டுமா என்று அவளிடம் கேட்க வேண்டும்.