சட்டைப் பையில் ஒரு சீட்டு

"மறுபடியும் சுத்துது தம்பி" என்றார் பல் கிளினிக்கின் ரிசப்ஷனிஸ்ட் அக்கா.

ஒரு நோயாளியின் பெயரில் பாதியைத்தான் அவர் அடித்திருந்தார். அதற்குள் திரை மங்கி, நடுவில் 'காத்திருக்கவும்' என்று ஒரு சக்கரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பக்கத்தில் நின்ற புரோகிராமர் திரையையே பார்த்தான். அவனும் அவன் மச்சானும் நடத்தும் கம்பெனியில் ஆட்கள் மொத்தம் அவர்கள் இருவர்தான். வாடிக்கையாளர் மொத்தம் இந்த டாக்டர்தான். அவரும் காலையிலேயே சொல்லிவிட்டார்: "இன்னொரு கம்பெனிக்காரர் போன்ல பேசினார். சாயங்காலம் வர்றார். அதுக்குள்ள சரியாச்சுன்னா நீங்க. இல்லன்னா அவர்."

"அது ஏன் தம்பி தானா சுத்துது?"

"யாராவது ஆன்லைன்ல புக் பண்ணியிருக்காங்களான்னு நம்ம புரோகிராம் அடிக்கடி சர்வரைக் கேக்கும்க்கா. எது கேக்கப் போனாலும் இன்டர்செப்டர் வழியாத்தான் போகணும். வாசல் வாட்ச்மேன்னு வச்சுக்குங்க. யார் தாண்டினாலும் அவர் சக்கரத்தைச் சுத்த விடுவார்."

"ஆளைப் பார்த்துச் செய்ய மாட்டாரா?"

"அந்த அளவுக்கு நான் சொல்லிக் கொடுக்கல."

இப்போது சொல்லிக் கொடுக்கவும் பொறுமையில்லை. சக்கரத்தையே பிடுங்கி எறிந்தான். திரை சாதுவானது. அக்கா அடுத்து வந்த கட்டம் போட்ட சட்டைக்காரரின் பெயரைப் பதிந்து 'சேமி'யை அழுத்தினார். சக்கரம் வரவில்லை. அழுந்தவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழுத்தினார். அப்புறம் கொஞ்சம் கோபமாக அழுத்தினார்.

"சார், உங்களுக்கு இன்னைக்கே மூணு அப்பாயின்ட்மென்ட் விழுந்திருச்சு."

கட்டம் போட்ட சட்டைக்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "பரவால்லம்மா. எனக்கு அவசரமில்ல. மத்தவங்க முதல்ல போகட்டும்."

பல் டாக்டரிடம் போகப் பயப்படாதவர் யார்? அக்கா பாவப்பட்டு, கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே அவருக்கு நாற்காலி போட்டார்.

புரோகிராமர் மச்சானுக்குப் போன் செய்தான்.

"ரொம்ப சிம்பிள் மாப்ள. புரோகிராம் தானா கேக்கப் போறப்ப இன்டர்செப்டர்கிட்ட 'சும்மா இரு'ன்னு பொதுவா ஒரு சுவிட்சைப் போடு. முடிஞ்சதும் எடுத்துரு."

போட்டான். அக்கா 'சேமி'யை அழுத்தியதும் சக்கரம் முறைப்படி வந்தது. அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே புரோகிராம் சர்வரைக் கேட்கக் கிளம்பி, சுவிட்சைப் போட்டது. வாட்ச்மேன் சொன்ன சொல் தட்டாதவர்; சும்மா இருந்துவிட்டார். சேமித்து முடித்த பிறகும் சக்கரத்தை நிறுத்த ஆளில்லை. அது பாட்டுக்குச் சுற்றியது. வரிசையில் இருந்த ஒருவர், "வலியே போயிருச்சு, நான் வர்றேன்" என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்து, சக்கரம் வேண்டாத ரெக்வெஸ்ட்டின், அதாவது சர்வருக்குப் போகும் கேள்வியின், தலையிலேயே 'சக்கரம் வேண்டாம்' என்று எழுதி அனுப்பினான். வாட்ச்மேன் புரிந்துகொண்டார். சர்வருக்குத்தான் புரியவில்லை. இதென்ன புது எழுத்து என்று அத்தனையையும் வாசலோடு திருப்பி அனுப்பியது. 'தொடர்பு இல்லை' என்று சிவப்புப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழுந்தன.

கட்டம் போட்ட சட்டைக்காரர் முன்னால் சாய்ந்து அதைப் பார்த்தபடி, பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்து நறுக்கென்று கடித்தார். கவலையில் இருப்பவன் கண்ணுக்குக் கடலையா தெரியும்?

"மச்சான், கடையை மூடிரலாமா?" என்று மறுபடி போனில் கேட்டான்.

"மூடலாம். என் தங்கச்சிகிட்ட யார் சொல்றது?"

அதை நினைத்ததும் அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. கர்ச்சீப்புக்காகச் சட்டைப் பையில் கை விட்டான். பஸ் டிக்கெட் ஒன்று தட்டுப்பட்டது. காலையில் அதைக் கொடுத்த கண்டக்டரைத் தவிர வேறு யாருக்கும் அது பையில் இருப்பது தெரியாது.

கை அப்படியே நின்றது.

தலையில் எழுதினால்தானே ஊருக்கெல்லாம் தெரியும்? ரெக்வெஸ்ட்டின் பைக்குள் ஒரு சீட்டு வைத்தால்? வாட்ச்மேன் மட்டும் எடுத்துப் பார்ப்பார். சீட்டு வாசலைத் தாண்டாது. சீட்டு இல்லாதவருக்கு வழக்கம்போலச் சக்கரம்.

"வாட்ச்மேன் மட்டும் பார்க்கிற மாதிரி பைக்குள்ள ஒரு சீட்டு வச்சிடுறேன்க்கா" என்று மடமடவென்று அடித்தான். அக்கா பெயர் அடித்தார். சக்கரம் குறுக்கே வரவில்லை. 'சேமி'யை அழுத்தினார், சக்கரம் வந்தது, சுற்றியது, மரியாதையாகப் போய்விட்டது. அக்கா ஒரே ஒரு தடவைதான் அழுத்தினார்.

கையுறையைக் கழற்றியபடி வந்த டாக்டர் தானும் இரண்டு பெயரை அடித்துப் பார்த்தார். "நல்லாருக்கே. வர்றேன்னு சொன்ன அந்தக் கம்பெனிக்காரரைத்தான் இன்னும் காணோம்."

புரோகிராமருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதிப் பாதி வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா கடைசி நோயாளியைத் தட்டிக்கொடுத்தார். "சார், இப்பவாவது உள்ள போங்க. டாக்டர் வலிக்காமப் பார்ப்பார்."

கட்டம் போட்ட சட்டைக்காரர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"எனக்குப் பல்லுல ஒண்ணுமில்ல டாக்டர், அந்தக் கம்பெனிக்காரன் நான்தான்... தம்பி, அந்தச் சீட்டை எப்படி வச்சீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன், எங்க சக்கரம் ரெண்டு வருஷமா நிக்க மாட்டேங்குது."